மூட்டு வலிக்காரரின் தூக்கத்தை எதை வைத்து அளப்பது?

"எனக்குத் தினமும் சிவராத்திரிதான்" என்று சொல்லிக்கொண்டே உட்காருகிறவர்கள் எங்கள் இயன்முறை சிகிச்சை மையத்துக்கு வாரத்தில் நாலைந்து பேராவது வருகிறார்கள். அவர்கள் வந்தது முழங்காலுக்காக, தோள்பட்டைக்காக, இடுப்புக்காக. தூக்கம் பேச்சோடு பேச்சாக வந்து விழும். "வலி குறைந்தால் தூக்கம் தானாக வந்துவிடும்" என்று சொல்லி அனுப்புவது எங்கள் தொழிலில் வழக்கம். நானும் பல வருடங்கள் அப்படித்தான் சொன்னேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்றால், கெட்ட தூக்கம் வலியைக் கூட்டுகிறது. ஹார்வி மோல்டாஃப்ஸ்கியும் அவருடைய குழுவினரும் 1975-ல் வெளியிட்ட ஆய்வில், எந்த நோயும் இல்லாதவர்களின் ஆழ்ந்த தூக்கத்தை மட்டும் ஒலி எழுப்பிக் கலைத்துப் பார்த்தார்கள். சில இரவுகளிலேயே அவர்களுக்குத் தசைகளில் வலியும், தொட்டால் நோகும் தன்மையும் வந்துவிட்டன. ஆகவே தூக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், வலி சிகிச்சையே பாதிக் கிணறு தாண்டிய கதையாகிறது.

தூக்கத்தை அளக்க இன்று வழிகள் நிறைய இருக்கின்றன: வாய்ப் பேச்சு, வினாத்தாள்கள், நாட்குறிப்பு, கைக்கடிகாரக் கருவி, ஓர் இரவு முழுக்க மருத்துவமனையில் படுத்துச் செய்யும் பரிசோதனை. எதைத் தேர்ந்தெடுப்பது என்று இளம் இயன்முறை மருத்துவர்களும் கேட்கிறார்கள், நோயாளிகளின் வீட்டாரும் கேட்கிறார்கள். என் பதில் ஒன்றுதான். தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு: தூக்கம் எவ்வளவு கெட்டிருக்கிறது, எதனால் கெட்டிருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து விடை சொல்லும் கருவி எதுவும் இல்லை. மதிப்பெண் தருபவை எல்லாம் "எவ்வளவு" என்பதைத்தான் சொல்கின்றன. மூட்டும் தசையும் நோகிறவர்களுக்கு முதலில் வேண்டியது "எதனால்".

அதனால் வாய்ப் பேச்சில் தொடங்குகிறேன். செலவில்லாத வழி என்பதற்காக அதைச் சொல்லவில்லை. இரவில் எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, விழித்ததும் என்ன செய்கிறீர்கள் என்ற இரண்டு கேள்விகளும் பல சமயம் எக்ஸ்ரே காட்டாததைக் காட்டிவிடுகின்றன. வலிக்கிற பக்கம் சாய்ந்து படுத்தவுடனே சுரீரென்று எழுப்பினால் பெரும்பாலும் தோள்பட்டைத் தசைநார். நடுராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் எல்லாம் மரத்துப்போய், எழுந்து உட்கார்ந்து கையை உதறினால்தான் உயிர் வருகிறது என்றால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது. புரண்டு படுக்கும்போது மட்டும் விழிப்பு வந்தால் முழங்கால் தேய்மானமாக இருக்கலாம். "எட்டு மணி நேரம் தூங்கினேன், ஆனால் அடித்துப்போட்டது போல எழுந்திருக்கிறேன்" என்று சொல்பவருக்கு உடல் முழுக்கப் பரவிய வலியும் இருந்தால் ஃபைப்ரோமயால்ஜியாவை நினைக்க வேண்டும். அந்த நோயைக் கணிக்கும் 2010-ஆம் ஆண்டு வரையறையில் களைப்பு தீராமல் எழுவதும் ஓர் அளவுகோல்.

ஒரு பையனைச் சொல்ல வேண்டும். வயது 26, கணினி வேலை. முதுகு வலி, ஒன்றரை வருடமாக. வீட்டில் மெத்தையை இரண்டு முறை மாற்றியிருந்தார்கள். அம்மா தனியாக என்னிடம், "கல்யாணக் கவலைதான் சார், ராத்திரியில் எழுந்து நடக்கிறான்" என்றார். அவனைக் கேட்டேன். மூன்று, மூன்றரை மணிக்கு வலி எழுப்பிவிடுமாம். மொட்டை மாடிக்குப் போய் அரை மணி நேரம் நடந்தால் சரியாகிவிடுமாம். திரும்பிப் படுத்தால் விடியற்காலையில் மறுபடியும் வலி. காலையில் குனிந்து செருப்புப் போட முக்கால் மணி நேரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுத்தால் வலி கூடும், கிரிக்கெட் ஆடினால் குறையும். இது அழற்சியால் வரும் முதுகு வலியின் வாய்ப்பாடு: நாற்பது வயதுக்குள் மெல்ல மெல்ல ஆரம்பிக்கும், ஓய்வில் குறையாது, அசைவில் குறையும், பின்னிரவில் எழுப்பும், எழுந்தால் தணியும். மூட்டு வாத மருத்துவரிடம் அனுப்பினேன். முதுகெலும்பை இறுக்கும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று உறுதியானது. எந்த வினாத்தாளில் போட்டிருந்தாலும் அவனுக்குத் "தூக்கமின்மை, நடுத்தர அளவு" என்றுதான் வந்திருக்கும்.

வாய்ப் பேச்சுக்கு ஒரு குறையும் உண்டு. நேற்று ராத்திரி மோசமாக இருந்தால் மாதம் முழுக்க மோசம் என்று மனம் சொல்லும். கேட்பவருக்கும் ஒரு சாய்வு இருக்கும்: முழங்கால் பார்ப்பவர் காதில் முழங்கால்தான் விழும். அங்கேதான் வினாத்தாள் தேவைப்படுகிறது.

மூட்டு நோயாளிகளிடம் அதிகம் பயன்படுபவை இரண்டு. ஒன்று, பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1989-ல் வெளியான பிட்ஸ்பர்க் தூக்கத் தர அட்டவணை. கடந்த ஒரு மாதத்தைப் பற்றி 19 கேள்விகள், ஏழு பிரிவுகள், மொத்தம் 21 புள்ளி. ஐந்தைத் தாண்டினால் தூக்கத்தின் தரம் மோசம். மற்றொன்று, கனடாவின் சார்ல்ஸ் மோரின் வகுத்த தூக்கமின்மைத் தீவிர அட்டவணை. ஏழே கேள்விகள், மொத்தம் 28 புள்ளி. ஏழு வரை கவலை இல்லை, 8 முதல் 14 வரை எல்லைக்கோடு, 15 முதல் 21 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை.

முதல் பார்வைக்குப் பிட்ஸ்பர்க் நமக்காகவே செய்தது போலத் தோன்றும். இரவில் எதனால் தொந்தரவு என்று அது வரிசையாகக் கேட்கிறது: கழிப்பறைக்கு எழுவது, மூச்சு விட முடியாமை, இருமல் அல்லது குறட்டை, குளிர், புழுக்கம், கெட்ட கனவு, வலி. வலிக்குத் தனி வரி இருக்கிறதே என்று நானும் ஆரம்பத்தில் மகிழ்ந்தேன். கணக்குப் போட்டபோதுதான் சங்கதி புரிந்தது. ஒருவரை வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் வலி எழுப்புகிறது என்றால் அந்த வரிக்கு அவர் பெறுவது அதிகபட்சமான 3. ஆனால் தொந்தரவு வரிகளை எல்லாம் கூட்டி, 1 முதல் 9 வரை வந்தால் அந்தப் பிரிவுக்கே ஒரு புள்ளிதான். வேறு தொந்தரவு எதுவும் இல்லாமல் வலி மட்டுமே தினமும் எழுப்புகிற முடக்குவாத நோயாளிக்கும், மாதத்தில் ஓரிரு நாள் புழுக்கத்தால் விழித்தவருக்கும் அந்தப் பிரிவில் ஒரே மதிப்பெண். மொத்தப் புள்ளியில் வலி கரைந்துபோகிறது. ஆகவே பிட்ஸ்பர்க்கைப் பயன்படுத்துகிறவர்களுக்கு என் யோசனை: மொத்தத்தை எழுதிவிட்டு, வலி வரியையும் மூச்சு வரியையும் தனியே வட்டமிட்டுப் பாருங்கள். கணக்கிடவும் நேரம் பிடிக்கும். கூட்டம் அலைமோதும் புறநோயாளிப் பிரிவில் அது சுமைதான். ஆராய்ச்சிக்கு, பல ஊர் முடிவுகளை ஒப்பிட, அது நல்ல கருவி.

தூக்கமின்மைத் தீவிர அட்டவணை வலியைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்பதில்லை. அது குறை போலத் தெரிந்தாலும் எனக்கு அதுவே வசதி. படுத்தவுடன் தூக்கம் வராதது, இடையில் விழிப்பது, சீக்கிரமே எழுந்துவிடுவது, திருப்தி, பகல் வேலை கெடுவது, பிறர் கண்ணுக்குத் தெரிவது, மனக்கவலை என்று ஏழு விஷயங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இரண்டு நிமிடத்தில் முடியும், கூட்டுவது சுலபம், மறுபடியும் கேட்டால் மாற்றம் பளிச்சென்று தெரியும். ஆறு புள்ளி இறங்கினால் நோயாளிக்கே வித்தியாசம் தெரிகிற அளவு முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம். சிகிச்சை பலிக்கிறதா என்று தொடர்ந்து பார்க்க இரண்டில் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு சிக்கல் நம் மொழியில் இருக்கிறது. "தூக்கம் எப்படி இருக்கிறது?" என்றால் நம் ஆட்கள் "பரவாயில்லை" என்பார்கள். அந்தப் "பரவாயில்லை" நன்றாக இருக்கிறது என்பதாகவும் இருக்கலாம், ஏதோ ஓடுகிறது என்பதாகவும் இருக்கலாம், உங்களுக்கு எதற்கு வீண் சிரமம் என்பதாகவும் இருக்கலாம். தாளில் உள்ள நாலைந்து கட்டங்களில் அதை எதில் போடுவது? கேள்வியை நாமே அந்த நேரத்தில் தோன்றியபடி மொழிபெயர்த்துக் கேட்டால் திங்கட்கிழமை ஒரு அர்த்தமும் வெள்ளிக்கிழமை வேறொரு அர்த்தமும் வந்துவிடும். முறையாக மொழிபெயர்த்துச் சரிபார்த்த தாளை எடுத்து, எழுதியிருப்பதை எழுதியபடியே வாசித்து, விடைகளையும் வாசித்துக் காட்டித்தான் கேட்க வேண்டும்.

பகல் தூக்கத்தை அளக்கும் எப்வொர்த் அளவுகோல் வேறு வகை. மெல்போர்னில் மர்ரே ஜான்ஸ் 1991-ல் வெளியிட்டது. எட்டுச் சூழ்நிலைகளில் கண்ணயரும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்கும். 24-க்குப் பத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். வலியால் தூங்காதவர்கள் பலர் பகலிலும் தூங்குவதில்லை. உடல் ஓய்ந்துபோயிருக்கும், கண் மட்டும் மூடாது. அவர்களுக்கு எப்வொர்த் குறைவாகவே வரும். அதைப் பார்த்துவிட்டுத் தூக்கம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. மாறாக, மூட்டு வலிக்காரருக்கு அது அதிகமாக வந்தால் காரணம் வலி மட்டும்தானா என்று சந்தேகப்பட வேண்டும்.

அப்படிச் சந்தேகப்பட வைத்தவர் 58 வயது அம்மா ஒருவர். இரண்டு முழங்காலும் தேய்மானம். தீவிர அட்டவணையில் 17. இரண்டு மாதப் பயிற்சியில் படி ஏற முடிந்தது, வலி பாதியாகக் குறைந்தது. தூக்க மதிப்பெண் 16-ல் நின்றது. பேத்தி கூட வந்திருந்தாள், பத்து வயது இருக்கும். "பாட்டி குறட்டை விட்டுக்கொண்டே இருக்கும்போது திடீரென்று சத்தம் நின்றுவிடும். நான் எண்ணுவேன். இருபது வரைகூட எண்ணியிருக்கிறேன்" என்றாள். பாட்டிக்கு வெட்கமாகப் போய்விட்டது. பெண்கள் குறட்டை விடுவதைச் சொல்ல நம் வீடுகளில் இன்னும் கூச்சம்.

இதற்குத்தான் ஸ்டாப்-பேங் வினாத்தாள். டொரன்டோவில் மயக்கவியல் மருத்துவர் ஃபிரான்சிஸ் சங் குழுவினர் அறுவை சிகிச்சைக்கு முன் கேட்பதற்காக உருவாக்கி 2008-ல் வெளியிட்டார்கள். ஆம், இல்லை என்று எட்டுக் கேள்விகள்: உரத்த குறட்டை, பகல் களைப்பு, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தது, ரத்த அழுத்தம், உடல் பருமன் குறியீடு 35-க்கு மேல், வயது 50-க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேல், ஆண். மூன்று ஆம் வந்தாலே விசாரிக்க வேண்டும், ஐந்து வந்தால் ஆபத்து அதிகம். முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கும் ஒவ்வொருவரிடமும் இதைக் கேட்டே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறவருக்கு மயக்க மருந்தும், ட்ரமடால் போன்ற வலி மருந்துகளும், தூக்க மாத்திரையும் சேர்ந்தால் மூச்சு மேலும் மந்தமாகலாம். அந்த அம்மா தெரிந்த கடையில் வாங்கிய தூக்க மாத்திரையை எட்டு மாதமாக விழுங்கிக்கொண்டிருந்தார்.

அவரை அனுப்பியது பாலிசோம்னோகிராஃபிக்கு. மூளை அலை, கண் அசைவு, தசை இறுக்கம், மூச்சு, ரத்தத்தில் ஆக்ஸிஜன் எல்லாவற்றையும் ஓர் இரவு முழுக்கப் பதிவு செய்யும் பரிசோதனை அது. மூச்சுத் தடையைக் கண்டுபிடிக்க அதற்கு ஈடு இல்லை. ஆனால் "பெரிய டெஸ்ட் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும்" என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் பெரும்பாலும் வேண்டாம் என்கிறேன். தூக்கமின்மை இருக்கிறதா என்று அறிய மட்டும் அது தேவையில்லை. புது இடம், தலையிலும் மார்பிலும் ஒயர்கள். இடுப்பு வலிக்காரர் தன் வழக்கப்படி தலையணையை முட்டிக்கு நடுவே வைத்துப் புரள முடியாது. அந்த ஓர் இரவு அவருடைய வீட்டு இரவைக் காட்டாது. குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால், தூக்கத்தில் கை கால் உதறல் போன்றவை இருந்தால் எடுக்கலாம். மூச்சுத் தடையை மட்டும் பார்க்க வீட்டிலேயே மாட்டிக்கொள்ளும் சிறிய கருவிகளும் உண்டு.

கைக்கடிகாரங்களைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். மணிக்கட்டின் அசைவை வைத்துத் தூக்கத்தைக் கணிக்கும் ஆக்டிகிராஃபி என்ற முறை மருத்துவத்தில் உண்டு. இன்றைய கடிகாரங்கள் அதோடு இதயத் துடிப்பையும் சேர்த்துக்கொள்கின்றன. எல்லாருக்கும் உள்ள ஒரு பிழை நம் நோயாளிகளிடம் பெரிதாகிறது. அசைந்தால் வலிக்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு விழித்தே கிடப்பவரை, அசையவில்லை என்பதால் அது தூங்கியதாக எழுதிவிடும். முதுகு வலிக்காரர் ஒருவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்த இரவுக்குக் கடிகாரம் ஏழு மணி நேரம் போட்டிருந்தது. வீட்டில் யாரும் அவரை நம்பவில்லை, அதுதான் அவருக்கு வலியைவிடப் பெரிய வருத்தம். படுக்கும் நேரம், எழும் நேரம் தெரிய அது போதும். ஆழ்ந்த தூக்கம் இத்தனை நிமிடம் என்று அது சொல்வதை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

என் கை எப்போதும் போவது நாட்குறிப்புக்குத்தான். காலையில் எழுந்ததும் ஐந்து விஷயங்கள்: படுத்த நேரம், தூங்கியிருப்போம் என்று தோன்றும் நேரம், எத்தனை முறை விழிப்பு, ஒவ்வொன்றும் எதனால், எழுந்த நேரம். இரவிலேயே எழுதக் கூடாது. கடிகாரத்தைப் பார்ப்பதே தூக்கத்தைத் துரத்தும், குத்துமதிப்பு போதும். ஒரு அக்கா தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதி, பதினான்கு தாள்களையும் ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவந்தார். மணி தெரியாத இடங்களில் "பால் வண்டி", "முதல் பஸ்", "பாங்கு சத்தம்" என்று எழுதியிருந்தார். அந்த ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும் அது எத்தனை மணி என்று சொல்லிவிடுவார்கள்.

அந்தத் தாள்களில்தான் தெரிந்தது: அவர் ஒன்பது மணிக்கே படுக்கிறார். தூக்கம் வந்து படுக்கவில்லை, இடுப்பு கடுக்கிறதே என்று சாய்கிறார். தூங்குவது பதினொன்றரைக்கு, எழுவது ஐந்துக்கு, நடுவில் அரை மணி விழிப்பு. எட்டு மணி நேரப் படுக்கையில் ஐந்து மணி நேரத் தூக்கம், அதாவது நூற்றுக்கு 62. 85-க்கு மேல் இருந்தால் நல்லது என்பது கணக்கு. வலிக்காக இளைப்பாற வேறு இடம், தூங்க மட்டும் கட்டில் என்று பிரித்ததே அவருக்குப் பெரிய மாற்றத்தைக் கொடுத்தது. தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-ல் பரிந்துரைத்த, தூக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்கும் இந்தக் குறிப்பே அடிப்படை. வேறு எந்த அளவீட்டிலிருந்தும் இப்படி நேராகச் சிகிச்சைக்குள் போக முடியாது.

நாட்குறிப்பில் "எதனால்" என்று எழுதும் இடத்தில் இன்னொன்றும் அடிக்கடி சிக்கும். படுத்ததும் கால் குடைச்சல், கெண்டைக்காலை யாராவது மிதித்தால் தேவலை, எழுந்து நடந்தால் போய்விடும். இதை மூட்டு வலிக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். பல சமயம் அது ஓயாக்கால் நோய். இரும்புச்சத்துக் குறைவு அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும், உடலில் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்க வேண்டும், 75-க்கு மேல் போகவில்லை என்றால் இரும்புச்சத்து கொடுப்பதை மருத்துவர் யோசிப்பார். 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019-21-ல் சொன்ன நாட்டில் இதைக் கேட்காமல் விடுவது சரியில்லை. ஸ்டீராய்டு மாத்திரையை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்குகிறவர்களும் நாட்குறிப்பின் இந்த இடத்தில்தான் அகப்படுவார்கள். காலையில் எடுத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரைக் கேட்டால் போதும்.

ஆக, எங்கள் மையத்தில் இப்போது செய்வது இது. வருகிற எல்லாரிடமும் அந்த இரண்டு கேள்விகள், கூடவே குறட்டை பற்றி வீட்டாரிடம் ஒரு கேள்வி. தூக்கம் கெட்டிருந்தால் அன்றே தீவிர அட்டவணை, கையில் இரண்டு வார நாட்குறிப்பு. ஆறு வாரத்தில் அட்டவணை மறுபடியும். குறட்டை என்றால் ஸ்டாப்-பேங், பிறகு தேவைப்பட்டால் பரிசோதனை. எந்தப் பக்கம் படுத்தாலும் தணியாத இரவு வலியோடு காய்ச்சல், எடை குறைதல், முன்பு புற்றுநோய் இருந்தது போன்றவை சேர்ந்தால் எந்தத் தாளையும் எடுப்பதில்லை, அன்றே மருத்துவரிடம். முதுகெலும்பில் காசநோய் வரும் நாடு இது.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு என்ன செய்வது என்று ஒரு பாட்டி எனக்குக் காட்டிக்கொடுத்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு டம்ளர், ஒரு கிண்ணம் நிறையப் புளியங்கொட்டை. முழங்கால் எழுப்பினால் பித்தளை டம்ளரில் ஒரு கொட்டை, வேறு எதற்காவது எழுந்தால் எவர்சில்வர் டம்ளரில் ஒரு கொட்டை. ஒரு வாரம் கழித்து இரண்டையும் பையில் போட்டு எடுத்துவந்து என் மேசையில் கொட்டினார். பித்தளையில் மூன்று, எவர்சில்வரில் இருபத்திரண்டு. எதற்கு எழுந்தீர்கள் பாட்டி என்றேன். "ஒன்றுக்குப் போகத்தான். போய்விட்டு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பேன், நாக்கு வறண்டுவிடுகிறது" என்றார். முழங்காலுக்கு அன்றைக்குப் பயிற்சி எதுவும் சொல்லவில்லை. சர்க்கரை பார்க்க எழுதிக் கொடுத்தேன்.